பஸ் ஸ்டாப்பில் விழுந்த புள்ளி

ஈஜிபுரா
10 மார்ச் 1998

டாக்டர் சிவசங்கரன் அவர்களுக்கு முதல் கிராஸ் குளோரியா டீச்சர் எழுதுவது.

எந்தக் கடிதம் எழுதினாலும் தலையில் சேசு மரி சூசை என்று போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். இன்று கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் ஹாலில் மேப்பை மாட்டினீர்கள். எங்கள் தெருப் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது, ஏறிய பிள்ளை ஒன்றுக்கு ஒரு சிவப்புப் புள்ளி என்று சொன்னீர்கள். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு என்று தனித்தனி உறையில் அடுத்த வாரம் வரும் என்றீர்கள். வேறு மீட்டிங் இருக்கிறது என்று ஜீப்பில் ஏறிப் போய்விட்டீர்கள். கேள்வி கேட்க விடவில்லை. அதனால் நாங்களே கேட்டு நாங்களே பதில் சொல்லிக்கொண்டோம்.

மேப்பில் வீட்டு நம்பர் இல்லைதான். ஆனால் கோயிலும் தண்ணீர்த் தொட்டியும் நாலு கிராஸ் தெருவும் மெயின் ரோடும் வரைந்திருந்தன. குடியிருக்கிற தெருவைப் படத்தில் பார்த்தால் அடையாளம் தெரியாதா? மூன்றாவது கிராஸில் புள்ளிகள் அம்மை போட்டதுபோல் கிடந்தன. ஒரே ஒரு புள்ளி மட்டும் தனியாக மெயின் ரோட்டில், பஸ் ஸ்டாப் மேல் இருந்தது. “பஸ் ஸ்டாப்புக்கும் ஊசி போட்டு ரத்தம் எடுத்தாங்களா?” என்று யாரோ கேட்க, ஹாலே சிரித்தது. நாங்கள் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

என் வீட்டுக்காரர் டிரேவர்தான் முதலில் எழுந்து போய் மேப்பில் விரலை வைத்தார். “நல்லாப் பாருங்க. அத்தனையும் மூணாவது கிராஸ்லதான் வந்து மொய்க்குது. அந்த கிராஸ்ல பேட்டரி வெச்சிருக்கிறவன் யாரு? ரெமிஜியஸ்தானே?” என்றார். அவ்வளவுதான். நாற்காலிகள் சரிந்தன.

ரெமிஜியஸ் அண்ணன் லாரி பேட்டரி, ஆட்டோ பேட்டரி ரிப்பேர் செய்கிறவர். கூட்டம் வருவதைப் பார்த்து ஷட்டரைப் பாதி இறக்கினார். ஷட்டர் இழுக்கிற கம்பியை டிரேவர் அவர் கையிலிருந்து பிடுங்கி அவர் முகத்திலேயே போட்டார். அதன்பிறகு யார் அடித்தார்கள், யார் அடிக்கவில்லை என்று பிரித்துச் சொல்ல முடியாது. கிரிக்கெட் மட்டை வந்தது, சைக்கிள் செயின் வந்தது. ஆசிட் கேன் உருண்டு திறந்துகொண்டது. அண்ணன் அதன் மேல்தான் விழுந்தார். அவர் மனைவி டோரீன் அக்காவைப் பெண்கள் தலைமுடியைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தார்கள். நான் யாரையும் தொடவில்லை. ஆனால் வாசலில் நின்று “அடிங்க, விடாதீங்க” என்று கத்தினேன். அந்த வாரம் என் நோராவுக்கு இரண்டு முறை வலிப்பு வந்திருந்தது. ஆறு வயசுப் பிள்ளை வாயில் நுரையோடு கிடந்ததைப் பார்த்தவளுக்கு வேறென்ன வரும்?

இப்போது டிரேவர் போலீஸ் லாக்கப்பில் இருக்கிறார். முதுகில் லத்தித் தடம். கேட்கப் போன என்னை, “சும்னிரம்மா” என்று கான்ஸ்டபிள் கன்னடத்தில் அதட்டி, சும்மா இருக்கச் சொல்லி அனுப்பினார். நீங்கள் ஒரு கடிதம் கொடுத்தால் போதும். இந்த மேப் சரியானது, பிள்ளைகளுக்கு விஷம் வைத்தது ரெமிஜியஸின் பேட்டரிக் கடைதான் என்று ஆபீஸ் தாளில் எழுதி, சீல் வைத்துக் கொடுங்கள். பெற்ற வயிறு எரிந்து செய்த காரியம் என்று கோர்ட்டாவது புரிந்துகொள்ளும்.

குளோரியா

❖

மல்லேஸ்வரம்
13 மார்ச் 1998

மதிப்பிற்குரிய குளோரியா டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. ஞாயிறு நடந்தது எனக்குச் செவ்வாய்க்கிழமை செய்தித்தாளில்தான் தெரியும். அதிலும் ஏதோ முன்விரோதம் என்று நாலு வரி போட்டிருந்தார்கள்.

நீங்கள் கேட்கும் கடிதத்தை என்னால் கொடுக்க முடியாது. ஏன் என்று சொல்லத்தான் வேண்டும். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

அந்த மேப்பில் எந்தப் புள்ளியும் அதன் உண்மையான இடத்தில் இல்லை. வேண்டுமென்றேதான் நகர்த்தி வைத்தோம். எங்கள் துறையில் இது வழக்கம். இன்ன வீட்டுப் பிள்ளைக்கு நோய் என்று வெளியே தெரிந்தால் வீட்டு உரிமையாளர் காலி செய்யச் சொல்வார், பள்ளிக்கூடத்தில் ஒதுக்கி வைப்பார்கள். முகவரியைக் காப்பாற்றுவதாக உங்கள் ஒவ்வொருவருக்கும் கையெழுத்துப் போட்டு உறுதி கொடுத்திருக்கிறேன். அதே சமயம் புள்ளிகள் எப்படிக் கூடியிருக்கின்றன என்பது கலையக் கூடாது. அதுதான் ஆய்வின் பலன். எனவே எல்லாப் புள்ளிகளையும் சேர்த்து மொத்தமாக ஒரே பக்கமாகத் தள்ளினோம். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதை நான் இங்கே எழுதக் கூடாது. தெருக்களை வரைந்த படத்தின் மேலேயே அப்படிச் செய்தது தவறு என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

ரெமிஜியஸ் கடைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இல்லை என்றே என் கணக்கு சொல்கிறது. அவர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார், சார்ஜ் ஏற்றுகிறார். ஈயத்தை உருக்குவதில்லை. பிள்ளைகளின் உடம்பில் ஏறியது உருக்குகிற இடத்திலிருந்து வரும் புகையும் தூசியும்.

புள்ளிகள் இடம் மாற்றப்பட்டவை என்று மேப்பின் அடியில் எழுதியிருந்தோம். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

முடிவுகள் அடங்கிய உறைகளை டிரைவர் உத்தமன் திங்கட்கிழமை கொண்டு வருவார். நோராவை உடனே ஆஸ்பத்திரியில் சேருங்கள். ஈயத்தை வெளியேற்ற மருந்து இருக்கிறது.

சிவசங்கரன்

❖

ஈஜிபுரா
17 மார்ச் 1998

டாக்டருக்கு,

அடியில் எழுதியிருந்தீர்களா? எந்த மொழியில்? கோயில் ஹாலுக்கு இன்று போய்ப் பார்த்தேன். எறும்பு ஊர்வதுபோல் இங்கிலீஷில் ஒரு வரி. இங்கிலீஷ் பாடம் எடுக்கிறவள் நான், எனக்கே மூக்கை ஒட்டி வைத்தால்தான் தெரிகிறது. ஒரு மனுஷன் ஆசிட்டில் புரண்டிருக்கிறான், நீங்கள் எங்களைக் கவனிக்கவில்லை என்று குறை சொல்கிறீர்கள்!

உங்கள் உத்தமன் நேற்று உறைகளைக் கொண்டு வந்தார். மூன்றாவது கிராஸ் பெண்கள்தான் முதலில் பிரித்தார்கள். அத்தனை பேருக்கும் சுத்தம். ஒரு பிள்ளைக்குக்கூட இல்லை. ரெமிஜியஸை அடித்தவர்களுக்கெல்லாம் அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் திருந்திவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். அதே மட்டையை எடுத்துக்கொண்டு ஜீப்பின் மேல் பாய்ந்தார்கள். கண்ணாடி தூள்தூளாகிவிட்டது. உத்தமனை வெளியே இழுத்து வயிற்றில் மிதித்தார்கள். அவர் கை வைத்துத் தடுத்ததில் இரண்டு விரல் உடைந்தது. நாலாவது கிராஸ் ஃபாத்திமா அவரை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். இல்லாவிட்டால் அவர் உயிர் போயிருக்கும்.

போன வருஷம் எங்களை எப்படி அழைத்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? “இது உங்க ஆய்வு. நாங்க உங்ககூட நடக்கிறவங்கதான்” என்று ஹாலில் பேசினீர்கள். பன்னும் டீயும் கொடுத்தீர்கள். ஆறு பேரைக் கமிட்டி போட்டீர்கள், என்னைச் செகரட்டரி ஆக்கினீர்கள். எந்த நேரத்தில் ஊசி போட்டால் பிள்ளைகள் அழாது என்று கேட்டீர்கள். போஸ்டருக்கு மஞ்சளா பச்சையா என்றுகூடக் கேட்டீர்கள். ஆபீஸில் உட்கார்ந்து எங்கள் வீடுகளை இடம் மாற்றி வைத்தீர்களே, அதை மட்டும் ஏன் ஒருத்தரிடமும் கேட்கவில்லை? கேட்டிருந்தால் ரெமிஜியஸுக்குக் கண் போயிருக்காது.

உண்மையான மேப்பைக் கொடுங்கள். உருக்குகிறவன் எவனோ இன்றும் உருக்கிக்கொண்டிருக்கிறான். பிள்ளைகள் மூச்சு விடாமல் இருக்க முடியுமா?

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. நோராவின் உறையில் அறுபத்தெட்டு என்று போட்டிருக்கிறது. தெருவிலேயே பெரிய நம்பர் அதுதான் என்கிறாள் நர்ஸ். எங்கள் முதல் கிராஸில் வேறு எந்தப் பிள்ளைக்கும் இல்லை. அடுப்புப் புகை தவிர வேறு புகை இல்லை. என் பிள்ளைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

அதற்குப் பதில் எழுதுங்கள். நேரில் வராதீர்கள். இந்தத் தெருவில் நீங்கள் கால் வைத்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

குளோரியா

❖

மல்லேஸ்வரம்
21 மார்ச் 1998

குளோரியா டீச்சர் அவர்களுக்கு,

நீங்கள் எழுதியதில் ஒரு வரிக்குக்கூட என்னிடம் மறுப்பு இல்லை. வண்ணத்தைக் கேட்டோம், புள்ளியை நகர்த்தலாமா என்று கேட்கவில்லை. அது உங்களுக்குப் புரியாது என்று முடிவு செய்துவிட்டேன். அப்படி முடிவு செய்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரெமிஜியஸின் வலது கண் போய்விட்டது. முதுகிலும் தோளிலும் தோல் உரிந்து கிடக்கிறது. துணி மாற்றும்போது அவர் கத்தியது வராந்தா முழுக்கக் கேட்டது. டோரீன் அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். “புள்ளி வெச்சவரு நீங்கதானே? வாங்க. இந்தக் கட்டு மேலயும் ஒண்ணு வெச்சுட்டுப் போங்க” என்று கணவரின் கண்ணைக் காட்டினார். பிறகு என் மேல் காறித் துப்பினார். துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

உண்மையான மேப்பைத் தர மாட்டேன், டீச்சர். என்னைக் கோழை என்று நினைத்துக்கொள்ளுங்கள். பொய்யான புள்ளியை நம்பி ஒரு மனிதரின் கண்ணைப் பறித்தவர்கள் உண்மையான புள்ளியைப் பார்த்தால் என்ன செய்வார்கள்? கொளுத்துவார்கள். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். இன்னும் இரண்டு வாரத்தில் சோதனைக்கு வருவதாகச் சொல்கிறார்கள். அதற்குள் எத்தனை பிள்ளைகளுக்கு வலிப்பு வரும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தத் தாளை உங்கள் தெருவில் விரிக்க எனக்குத் துணிவில்லை.

நோராவைப் பற்றி. பக்கத்தில் உலை இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் ஈயம் ஏறலாம். பொதுவாகச் சொல்கிறேன். இப்படிக் கூட்டத்தோடு சேராமல் ஒரு புள்ளி தள்ளி விழுந்தால் அதற்கு எங்கள் புத்தகங்களில் ஒரு காரணம் சொல்வார்கள். அதை நான் எழுதப் போவதில்லை. ஒரு வைத்தியனாக மட்டும் சொல்கிறேன்: வெளி வேலைக்குப் போய் வருகிறவர்களின் துணியைப் பிள்ளை துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். வந்தவுடன் குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். இதை எல்லா வீடுகளுக்கும்தான் சொல்கிறேன்.

சிவசங்கரன்

❖

ஈஜிபுரா
27 மார்ச் 1998

டாக்டருக்கு,

எல்லா வீடுகளுக்கும்தான் சொல்கிறீர்களா? நல்லது.

டிரேவர் திங்கட்கிழமை ஜாமீனில் வந்தார். தெருவே மாலை போடாத குறையாக வரவேற்றது. ரெமிஜியஸ் குற்றமில்லாதவர் என்று தெரிந்த பிறகும், “பாவம், பிள்ளைக்காகத்தானே செஞ்சாரு” என்று சொல்லிக்கொண்டார்கள். மறுநாளே ஓவர்டைம் என்று கிளம்பிவிட்டார். அவர் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் எலெக்ட்ரீஷியன், உங்களுக்குத் தெரியும். நீங்கள் சொன்னபடி அவர் சட்டையைத் தனியாக ஊறவைத்தேன். நீலக் கட்டம் போட்ட சட்டை, முழங்கையில் நான் ஒட்டுத் தைத்தது. அலசி ஊற்றினால் பக்கெட் அடியில் சாம்பல் நிறத்தில் மண் படிந்திருக்கிறது. விரலில் தேய்த்தால் பென்சில் மாதிரி பளபளக்கிறது. “கார்மெண்ட்ஸ்ல பஞ்சுதானே பறக்கும்? இது என்னங்க?” என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் என் உதட்டில் இருக்கிறது. நாலு தையல். என் தலையைப் பக்கெட்டுக்குள்ளேயே அமுக்கினார். நோரா பார்த்துக்கொண்டு நின்றாள். ஸ்கூலில் கதவு இடித்துவிட்டது என்று சொன்னேன்.

நீங்கள் புள்ளியை ஒளித்து வைத்திருக்கிறீர்கள். ஆனால் உறை எங்களிடம் இருக்கிறதே! புதன்கிழமை கமிட்டி கூடினோம், நீங்கள் இல்லாமல், பன் டீ இல்லாமல். நாலாவது கிராஸில் ஃபாத்திமா எழுந்து தன் மகன் உறையை எல்லாருக்கும் காட்டினாள். “முப்பத்தொம்பது. என் வீட்டு ஓனர் காலி பண்ணச் சொன்னா சொல்லட்டும். நான் மறைச்சா பக்கத்து வீட்டுப் பிள்ளை சாவும்” என்றாள். அதன்பிறகு ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் எழுந்தார்கள். சிலர் எழவில்லை. அவர்களை யாரும் வற்புறுத்தக் கூடாது என்று தீர்மானம் போட்டோம்.

இதுதான் எங்கள் முடிவு. ஸ்போர்ட்ஸ் டேக்கு வாங்கிய சிவப்பு ரிப்பன் ஸ்கூலில் ஒரு கட்டு இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், பிள்ளைக்கு ஈயம் இருக்கிற வீட்டுக்காரர்கள், விருப்பம் இருந்தால், தங்கள் கேட்டில் தாங்களே ஒன்று கட்டுவார்கள். பிறகு எல்லாரும் தெருவில் நடந்து பார்ப்போம். எங்கே நெருக்கமாக இருக்கிறதோ அங்கே தேடுவோம். உங்கள் மேப் எங்களுக்கு வேண்டாம். தெருவே இருக்கிறது.

இன்னொன்று. மூன்றாவது கிராஸில் இருந்த புள்ளிகள் எல்லாம் நாலாவது கிராஸ் பிள்ளைகளுடையவை. ஆக, நீங்கள் எல்லாவற்றையும் ஒரு தெரு மெயின் ரோட்டுப் பக்கமாகத் தள்ளியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பஸ் ஸ்டாப்பில் விழுந்த அந்த ஒற்றைப் புள்ளி எங்கிருந்து வந்தது? மெயின் ரோட்டை அடுத்து இருப்பது முதல் கிராஸ். முதல் கிராஸில் ஈயம் ஏறிய பிள்ளை ஒன்றே ஒன்றுதான். ஹாலில் எல்லாரும் சிரித்தபோது நானும் சிரித்தேன், டாக்டர். நீங்கள் சிரித்தீர்களா?

குளோரியா

❖

மல்லேஸ்வரம்
28 மார்ச் 1998

டீச்சர்,

இதை உத்தமன் கையில் கொடுத்தனுப்புகிறேன். கட்டுப் போட்ட கையோடு, நானே போகிறேன் என்று வற்புறுத்தி வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு வேண்டாம். ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். கமிஷனர் ஆபீஸில் பேசியிருக்கிறேன், போலீஸோடு வருகிறேன். அந்தக் கூட்டம் கையில் மண்ணெண்ணெயோடு நிற்கும். நீங்கள் அவர்களைத் தடுக்க முடியாது. ஆஸ்பத்திரியில் நான் பார்த்த ரெமிஜியஸின் கண்ணை நீங்கள் பார்க்கவில்லை.

நான் சிரிக்கவில்லை. அந்தப் புள்ளி யாருடையது என்று எனக்குத் தெரியும். ஏன் தனியாக விழுந்தது என்றும் அன்றே ஊகித்தேன். உங்களிடம் வாய்விட்டுச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை என்று நினைத்தேன். இப்போது அந்த விதியை நானே உடைக்கிறேன்.

தள்ளிப்போட முடியாது என்றால், மற்றவர்கள் கட்டட்டும். உங்கள் கேட்டில் மட்டும் கட்டாதீர்கள். ஒரு ரிப்பன் குறைந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. உலை எங்கே என்பது அது இல்லாமலே தெரிந்துவிடும். யார் உருக்கினார்கள் என்பதை நான் போலீஸிடம் தனியாகச் சொல்கிறேன். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

சிவசங்கரன்

❖

ஈஜிபுரா
31 மார்ச் 1998

சேசு மரி சூசை

டாக்டர் சிவசங்கரன் அவர்களுக்கு,

ஞாயிறன்று நீங்கள் போலீஸோடு வந்து சேர்ந்தபோது என்னிடம் ஏதோ கேட்டீர்கள். நான் பேசவில்லை. என்ன நடந்தது என்று தெருவில் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்லியிருப்பார்கள். நான் சொல்வதையும் கேளுங்கள்.

சனிக்கிழமை சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போய் டோரீன் அக்காவைப் பார்த்தேன். பக்கெட் அடியில் பார்த்ததைச் சொன்னேன். அக்கா என் உதட்டுத் தையலை ரொம்ப நேரம் பார்த்தார். “ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு?” என்று மட்டும் கேட்டார்.

உங்கள் கடிதத்தை உத்தமன் ஞாயிறு காலையிலேயே கொடுத்துவிட்டார். டிரேவர் தூங்கிக்கொண்டிருந்தார். வாசலில் நின்று முழுதாகப் படித்தேன். நீங்கள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஒரு ரிப்பன் குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் கமிட்டியைக் கூட்டி ஃபாத்திமாவை எழுந்து நிற்க வைத்தது நான். வீடு போனாலும் பரவாயில்லை என்று அத்தனை பெண்களும் கட்டும்போது, செகரட்டரி மட்டும் மறைத்துக்கொள்வதா? யார் என்பதை நீங்கள் போலீஸிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தாலும் தெரு என்ன சொல்லும்? போலீஸ் எவனையோ பிடித்தது, ரெமிஜியஸுக்கும் அதில் பங்கு இருந்திருக்கும் என்று சொல்லும். டிரேவர் ஹாலில் எல்லார் முன்னாலும் விரலை வைத்துக் காட்டினார். அந்த விரலை எல்லார் முன்னாலும்தான் எடுக்க வேண்டும். நோராவை ஃபாத்திமா வீட்டில் விட்டுவிட்டு வந்து, கேட்டில் ரிப்பனைக் கட்டினேன். இரட்டை முடிச்சுப் போட்டேன்.

பூசை முடிந்து எல்லாரும் நடந்தோம். இரண்டாவது கிராஸில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் ஒன்றும் இல்லை. ரெமிஜியஸ் கடை ஷட்டர் நெளிந்து தொங்கிக்கொண்டிருந்தது, யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நாலாவது கிராஸில் பாதிக்கு மேல் ரிப்பன் ஆரம்பித்தது. போகப்போக வீட்டுக்கு வீடு. கடைசியில் ராஜகால்வாய் என்கிற பெரிய சாக்கடை ஓரம் இருக்கிற தகரக் கொட்டகையில் போய் முட்டியது. சந்தாபுராவிலிருந்து வருகிற ஒரு ஆள் பழைய பேப்பர் குடோன் என்று சொல்லி வாடகைக்கு எடுத்தது. அங்கிருந்து வந்த நாற்றத்தைக் கால்வாயில் குப்பை எரிக்கிறார்கள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தோம்.

பூட்டை உடைத்தார்கள். உள்ளே உடைத்த பேட்டரிகள் ஆளுயரத்துக்கு. பெரிய இரும்புச் சட்டி, கரி, ஊதுகிற மோட்டார். சுவரில் ஆணியில் ஒரு சட்டை தொங்கியது. நீலக் கட்டம். முழங்கையில் என் ஒட்டு.

யாருக்கும் அது தெரியாது. யாருடைய சட்டையோ என்று கீழே தள்ளி மிதித்துக்கொண்டு மண்ணெண்ணெய் தேடப் போனார்கள். ஃபாத்திமாதான் என் பக்கத்தில் வந்தாள். “டீச்சர், எல்லா ரிப்பனும் இங்கதான் இருக்கு. உங்க கேட்ல ஒண்ணு பாத்தேனே, அது எப்படி அங்க?” என்றாள்.

சட்டையை எடுத்து உதறிக் காட்டினேன். “இது எங்க வீட்டுக்காரரோடது. இந்தத் தூசியத்தான் தினமும் வீட்டுக்குக் கொண்டு வந்தாரு. எம் பொண்ணு இதுலதான் மூஞ்சி வெச்சுத் தூங்கினா” என்றேன். மேப்பைப் பார்த்தவுடனே புள்ளிகள் தெரு மாறியிருப்பது அவருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும், அதனால்தான் முதலில் எழுந்தார், முதலில் அடித்தார் என்றும் சொன்னேன். என் குரல், ரெமிஜியஸ் கடை வாசலில் கத்திய அன்றைக்குப் போலவே எனக்குக் கேட்டது.

ஓடினார்கள். முதல் கிராஸ் வரைக்கும் ஓடினார்கள். லுங்கியோடு வெளியே வந்தவரைப் படியிலேயே மடக்கினார்கள். அன்று கூட்டாளி மாதிரி அவர் கூடவே ரெமிஜியஸ் கடைக்கு வந்து அடித்தவர்கள்தான் இன்று அதிகமாக அடித்தார்கள். ஏமாந்த கோபம். கை முறிகிற சத்தம் கேட்டது. ஒரு காது பாதி தொங்கியது. கேட்டைப் பிடுங்கி அவர் மேல் போட்டு அதன் மேல் ஏறி மிதித்தார்கள், நான் கட்டிய ரிப்பனோடு. ஒருத்தன் மண்ணெண்ணெய் கேனைத் திறந்துவிட்டான். “வேண்டாம், விடுங்க” என்று கத்தினேன். அடிங்க என்று கத்தியபோது எல்லாருக்கும் கேட்டது. விடுங்க என்றபோது ஒருவருக்கும் கேட்கவில்லை.

அப்போதுதான் டோரீன் அக்கா கூட்டத்துக்குள் வந்தார். கையில் அதே ஷட்டர் கம்பி. எல்லாரும் வழி விட்டார்கள். முடித்து வைக்கட்டும் என்று விட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், தடுக்க எனக்கு என்ன உரிமை? அக்கா அந்தக் கம்பியை மண்ணெண்ணெய் வைத்திருந்தவன் மணிக்கட்டில் போட்டார். கேன் உருண்டது. பிறகு கேட்டைத் தள்ளிவிட்டு டிரேவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“இவன் செத்தா உங்க ஆத்திரம் தீரும். எம் புருஷனுக்கு என்ன கிடைக்கும்? கண்ணு வராது. பேரு மட்டும்தான் மிச்சம். அதைத் திருப்பிக் குடுக்கிற வாய் இது ஒண்ணுதான். கோர்ட்ல வந்து பேசற வரைக்கும் இந்த வாயை எவனும் தொடாதீங்க” என்றார்.

இரக்கத்தில் சொல்லவில்லை, டாக்டர். அப்படி நினைத்துவிடாதீர்கள். அவர் முகத்தில் அது துளியும் இல்லை. போலீஸ் வருகிறவரைக்கும் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இனியும் பேச மாட்டார். அதைத் தாங்கிக்கொண்டுதான் நான் இந்தத் தெருவில் இருக்க வேண்டும்.

கொட்டகைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். சந்தாபுரா ஆளைத் தேடுகிறார்கள். டிரேவர் போலீஸ் காவலில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நோராவுக்கு மருந்து ஆரம்பித்திருக்கிறது. இரண்டு நாளாக வலிப்பு இல்லை. அப்பா எங்கே என்று கேட்கிறாள். அவள் அப்பாவை நான் வெறுக்கிறேன், அவர் கை முறிந்த சத்தம் காதை விட்டுப் போகவும் மாட்டேன் என்கிறது. இரண்டையும் எழுதிவிட்டேன்.

நேற்று கமிட்டி கூடியது. உங்கள் மேப்பைத் திரும்ப வரையுங்கள். ரிப்பன் கட்டியவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அவர்கள் புள்ளி உள்ளது உள்ளபடி இருக்கலாம். கட்டாதவர்களின் புள்ளி மேப்பில் வரவே கூடாது, தள்ளி வைத்தும் வரக் கூடாது. ரெமிஜியஸ் கடை இருக்கிற இடத்தில் ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் ஹால் கதவிலிருந்தே படிக்கிற அளவுக்கு எழுத வேண்டும். வரைந்ததும் முதலில் எங்களிடம் காட்டுங்கள். ஹாலில் மாட்டுகிற அன்று கடைசி ஆள் கேள்வி கேட்டு முடிக்கிறவரைக்கும் நீங்கள் ஜீப்பில் ஏறக் கூடாது. தெருவுக்குள் வரலாம். உங்களை யாரும் தொட மாட்டார்கள், நான் குறுக்கே நிற்கிறேன்.

பஸ் ஸ்டாப் மேல் இருக்கிற புள்ளியை எடுத்துவிடுங்கள். அது எங்கள் வீடு, நம்பர் 17, முதல் கிராஸ். அங்கேயே வையுங்கள், நகர்த்தாதீர்கள்.

குளோரியா